கெபி ஓரத்தில் நின்ற கேன்காரர்

அம்பத்தூரில் தொடங்கி ஆவடி தாண்டிப் பட்டாபிராம் வரைக்கும் தேடினால் எங்களைப் போன்ற கிறிஸ்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர் தேறுவோம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவோம், டிசம்பர் வந்தால் வாசலில் நட்சத்திரம் கட்டுவோம், தவக்காலத்தில் கறி சாப்பிடாமல் இருந்துவிட்டு அதைப் பத்துப் பேரிடம் சொல்வோம். ஆனால் இயேசு சொன்னதைச் சொன்னபடியே செய்து, எங்கள் பங்கு மக்கள், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்தவர்கள் அத்தனை பேர் உயிரையும் வாங்கியவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர்.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். கோவில் ஆபீஸில் கேட்டால் சொல்வார்கள். எங்களுக்கெல்லாம் அவர் கேன்காரர். நாற்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, கேன் சுமந்து சுமந்து காய்த்துப்போன வலது தோள். பழைய எக்ஸெல் வண்டியில் முன்னும் பின்னுமாக எட்டு கேன்களைக் கட்டிக்கொண்டு அவர் வருவதைப் பார்த்தால் கேன்கள்தான் அவரை ஓட்டிக்கொண்டு வருகின்றன என்று தோன்றும்.

ஆளிடம் ஒரே ஒரு கோளாறு. நாங்களெல்லாம் ஞாயிறு வாசகத்தைக் கேட்போம், ஃபாதரின் பிரசங்கத்தில் லேசாகக் கண் அசருவோம், வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுத் தூங்கி எழும்போது எல்லாம் சுத்தமாக மறந்திருக்கும். கேன்காரர் அதைத் திங்கட்கிழமை காலையிலேயே அமலுக்குக் கொண்டுவந்துவிடுவார். அதனால் பூசையில் வாசகம் படிக்கும்போது நாங்கள் கொஞ்சம் பயத்தோடுதான் கேட்போம். நாளைக்கு இது யார் தலையில் விடியப் போகிறதோ என்று இருக்கும்.

கேட்கிறவனுக்குக் கொடு என்ற வாசகம் வந்த வாரம் எங்கள் தெருவே தண்ணீர் இல்லாமல் தவித்தது. போன் போட்டால், கேன் இருக்கிறது, வண்டிதான் இல்லை என்றார். பாடி மேம்பாலம் பக்கத்தில் யாரோ ஒருவர் அவசரம் என்று கேட்டாராம், கொடுத்துவிட்டாராம். அவர் யார் என்றால் தெரியாது என்றார். போனது போனதுதான் என்று தெருவில் எல்லோரும் அடித்துச் சொன்னோம். ஐந்தாம் நாள் வண்டி பெட்ரோல் நிரப்பிக்கொண்டு வந்து சேர்ந்தது. எங்களுக்குப் பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது.

இன்னொரு வாரம் மறு கன்னம். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தவில்லை என்று ஒரு ஷேர் ஆட்டோக்காரன் அவரை அறைந்துவிட்டான். கேன்காரர் ஹெல்மெட்டைக் கழற்றி மறு பக்கத்தைக் காட்டி நின்றார். அவன் இவரை மேலும் கீழும் பார்த்தான். திருப்பி அடிக்கிறவனை அவன் தினமும் பார்க்கிறான், இது அவனுக்குப் புதுசு. ஏறி உட்கார்ந்திருந்த சவாரியைக்கூட இறக்கிவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஓடிப்போனான். சண்டை பார்க்கக் கூடிய கூட்டம் கேன்காரரைத்தான் திட்டியது.

எங்கள் அன்பியக் கூட்டத்தில் அவர் செய்தது இன்னும் மோசம். அன்பியம் என்றால், தெருவில் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் செய்வது. ஜெபம் அரை மணி நேரம், அதற்குப் பிறகு வரும் சமோசாவும் கேசரியும் ஒரு மணி நேரம். அடுத்த வாரம் யார் வீட்டில் என்று பேசிக்கொண்டிருந்தபோது கேன்காரர் கையைத் தூக்கினார். விரோதியை நேசிக்கச் சொல்லியிருக்கிறதே, அடுத்த வாரத்துக்கு யாருடைய விரோதியைக் கூப்பிடலாம் என்று கேட்டார். கேசரி தட்டுகள் அப்படியே நின்றன. அந்த அறையில் இருந்த பதினான்கு பேரில் யாருக்கு யார் விரோதி என்று எல்லோருக்கும் தெரியும், அந்த விரோதிகளில் பாதிப் பேர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு அடுத்த மூன்று வாரம் கூட்டமே நடக்கவில்லை.

இதையெல்லாம் நான் ஆபீஸில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அது என் தலையில் வந்து விடியும்வரை எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

எனக்கு ஒரு தம்பி. அடுத்த தெருவில் குடியிருக்கிறான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பாக நிற்கும் ஞானத்தகப்பன் நான்தான் என்று நானாகவே முடிவு செய்து, குழந்தைக்குச் சங்கிலிகூட வாங்கி வைத்திருந்தேன். அவன் என்ன செய்தான்? அவனுடைய ஐ.டி. கம்பெனி மேனேஜரை ஞானத்தகப்பனாக நிறுத்தினான். அந்த ஆளுக்கு விசுவாசப் பிரமாண ஜெபம்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, நான் கேட்டுக்கொண்டுதானே நின்றேன். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு நிற்காமல் வந்தவன் மூன்று வருஷமாக அவனோடு பேசவில்லை. பூசையில் நான் வலது பக்கம், அவன் இடது பக்கம். நடுவில் செங்கடல் மாதிரி பாதை. ஒரு நாள் சமையலறையில் கேனை இறக்கி வைத்த கேன்காரரிடம் இந்தக் கதையை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். தம்பி வீட்டுக்கும் அவர்தான் கேன் போடுகிறார் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

எங்கள் பூசையில் நன்மை வாங்குவதற்கு முன்னால் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் ஒன்று உண்டு. நன்மை என்றால் பீடத்தில் கொடுக்கும் அப்பம். சமாதானம் என்றால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்பி லேசாகத் தலையசைப்பது. யாரோடு சண்டை இல்லையோ அவர்களோடு மட்டும்தான் சமாதானம் சொல்லிக்கொள்வோம். பல வருஷமாக அதுதான் வழக்கம், ஒரு தொல்லையும் இல்லை.

அந்த ஞாயிறு கேன்காரர் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தார். நேராக இடது பக்கம் போய் என் தம்பியின் கையைப் பிடித்தார். பாதையைத் தாண்டி அவனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். தம்பியும் வந்துவிட்டான், அவன் கண்ணைப் பார்த்தால் வரச் சம்மதித்துத்தான் வந்திருக்கிறான் என்று தெரிந்தது. பூசை யூடியூபில் நேரலையாகப் போகிறது, ஊரில் என் மாமனார் குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து பார்க்கும். ஏதோ நடக்கிறது என்று கீபோர்டு வாசிப்பவர் பல்லவியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். நான் கையைக் கூப்பினேன். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்திலிருந்த தூணைப் பார்த்துத் தலையசைத்தேன்.

"இன்னா அண்ணாத்தே, தம்பி இங்க நிக்கிறாரு. நீ தூணுக்கு சமாதானம் சொல்லிகினு கீற?"

வாசகம் படிக்கும் மைக் பக்கத்தில்தான் இருந்தது. கோவில் முழுக்கச் சிரிப்பு. தம்பி கையை உதறிக்கொண்டு போய்விட்டான். பூசை முடிந்ததும் வாசலில் வைத்துக் கேன்காரரை நான் பேசாத பேச்சில்லை. கேன் போடுகிறவன் கேன் போடுகிற வேலையை மட்டும் பார்க்க வேண்டும் என்றேன். இனி என் வீட்டுப் படி ஏறக் கூடாது என்றேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு காணிக்கை நேரத்தில் அவர் எழுந்து வெளியே போனார். கோவில் முற்றத்தில் மாதா கெபி, அதாவது மாதா சிலை வைத்த கல் குகை இருக்கிறது. அதன் ஓரத்தில் போய் நின்றவர் பூசை முடியும்வரை உள்ளே வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. முதலில் நான் பீடி பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. காணிக்கை வைக்க வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை இருந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானமாகு என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறாரே, அதைப் பிடித்துக்கொண்டார். மனக்குறை உள்ள அந்தச் சகோதரன் அடியேன்தான். என் கோபம் தீரும்வரை அவர் நன்மை வாங்கப் போவதில்லை.

சனிக்கிழமை தோறும் என் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். படி ஏறக் கூடாது என்று சொன்னேன் அல்லவா, ஏறமாட்டார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நிற்பேன், என் மனைவி போய் நான் வீட்டில் இல்லை என்று சொல்வாள். ஒரு கேனை இலவசமாக வைத்துவிட்டுப் போவார். அதைத் திருப்பி அனுப்பினால் மறுநாள் இரண்டு இருக்கும். இப்படிப்பட்டவரோடு மனுஷன் எப்படிக் கோபமாக இருப்பது? இருந்தேன். அந்தத் திறமை எனக்கு இருந்தது.

பங்குச் சாமியார் அவரைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். என்னிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு நன்மை வாங்கு, போதும் என்றாராம். அது ஆண்டவராண்ட, இது அண்ணாத்தையாண்ட என்று சொல்லிவிட்டாராம். பிறகு சாமியார் என்னைக் கூப்பிட்டார். கேன்காரரின் மகளுக்கு ஈஸ்டர் கழிந்து புது நன்மை. அதாவது பிள்ளை முதல் முறையாக நன்மை வாங்கும் நாள். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் பிள்ளை, மூன்று பேரும் சேர்ந்து பீடத்துக்கு வருவது எங்கள் கோவில் வழக்கம். அந்தப் பெண் அம்மாவோடு மட்டும் வர வேண்டியிருக்கும், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது என்றார். எனக்கு யார்மேலும் கோபமே இல்லையே ஃபாதர் என்றேன். அப்படியென்றால் அதை அவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றார். நான் போகவில்லை. ஞாயிறு தோறும் தவறாமல் நன்மை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தேன், வயிற்றில் இரண்டு சண்டையை வைத்துக்கொண்டு.

புது நன்மை நாளும் வந்தது. பிள்ளைகள் வெள்ளை உடுப்பும் கையில் மெழுகுவர்த்தியுமாக, அப்பா அம்மாவுக்கு நடுவில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கு ஒரு நாள் கேன்காரர் விட்டுக்கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். நாங்கள் யாராக இருந்தாலும் விட்டுக்கொடுத்திருப்போம், பிள்ளை விஷயம் இல்லையா. காணிக்கைப் பாட்டு ஆரம்பித்தது. அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு எழுந்தார். மகளிடம் குனிந்து ஏதோ சொன்னார். வெளியே போய்விட்டார். அந்தப் பெண் பக்கத்தில் காலியான இடத்தில், மெழுகு கையில் சொட்டாமல் இருக்க மெழுகுவர்த்தியில் செருகியிருந்த அட்டையை வைத்தாள்.

அதற்குப் பிறகு பூசையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. பக்கத்து பெஞ்சுக்காரர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே ஓடினேன்.

கெபி ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். எனக்கு உன்மேல் கோபமில்லை, உள்ளே வா என்றேன்.

"நான் செஞ்சது தப்பு அண்ணாத்தே. ஏதாவதுன்னா தனியா போய் பேசுன்னுதான் ஆண்டவரு சொல்லிகீறாரு. நான் அதை வுட்டுட்டு அத்தினி பேரு எதிர்ல உன்னைய அசிங்கப்படுத்திட்டேன்."

சண்டையைத் தீர்த்துவைக்க முயன்றது தப்பில்லையாம், இயேசுவின் இன்னொரு வார்த்தையைத் தவறவிட்டதுதான் தப்பாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. போய்யா, பிள்ளை காத்திருக்கிறாள் என்று முதுகில் கை வைத்துத் தள்ளினேன். நாலு எட்டு போனவர் நின்று திரும்பினார்.

"அப்போ நீ? உன் தம்பி உள்ள கீறாரு. அவரு மனசு இன்னும் ஆறல. நீ எப்பிடி நன்மை வாங்குவ?"

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதும் ஓடிவிட்டார். மகளுக்குப் பக்கத்தில் போய் அவர் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டே பீடத்துக்குப் போனாள். அவர் நன்மை வாங்கித் திரும்பும்போது முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். நான் உள்ளே போகலாம் என்று வாசல்படியில் கால் வைத்தேன். கால் ஏறவில்லை. பாவி மனுஷன், அப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

வரிசையில் நின்ற என் தம்பி என்னை வெளியே பார்த்துவிட்டான். வரிசையை விட்டு வந்தான். மூன்று வருஷம் கழித்து அவன் என்னிடம் கேட்டது, "என்னண்ணா, பிரஷரா?"

பிரஷர் இல்லை, உனக்கு என்மேல் கோபம் இருக்கிறதல்லவா என்றேன். இருக்கிறது என்றான். அப்படியென்றால் திட்டு என்றேன். திட்டினான் பாருங்கள். மேனேஜரைக் கூப்பிடாவிட்டால் வேலை போயிருக்குமாம், அதைச் சொல்ல வந்தவனை நான் வாயைத் திறக்கவே விடவில்லையாம், குழந்தைக்கு டெங்கு வந்து கிடந்தபோதுகூட நான் எட்டிப் பார்க்கவில்லையாம். டெங்கு வந்தது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. அவன் திட்டி முடிப்பதற்குள் பூசையே முடிந்துவிட்டது. கேன்காரர் ஒருவர் நன்மை வாங்கியதில், அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர் வாங்கவில்லை.

இப்போது தம்பி மகள் பூசை முழுக்க என் மடியில்தான் உட்காருகிறாள். அவள் உதைக்கிற உதையில் ஒரு வாசகமும் என் காதில் விழுவதில்லை. ஆனாலும் நன்மைக்கு எழுந்திருக்கும் முன் ஒரு தடவை திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொள்கிறேன். கேன்காரர் உள்ளே இருந்தால்தான் எனக்கு வரிசையில் போய் நிற்கவே மனசு வருகிறது.