தளபதியின் வாளைத் தட்டிவிட்டது பற்றி

சாய்ந்தமருது,
22.04.2009, புதன் பின்னேரம்.

கண்ணியமிக்க மச்சான் மீராசாஹிபு அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் என் தங்கை சித்தி லைலாவும் சுகமாக இருப்பீர்கள் என்றும், பெரும்போக நெல் ஆலைக்கு வந்து முடிந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முப்பத்தொரு வருடம் சாகாமத்துக் குளத்தடியில் மழையை அளந்து பதிந்தவனுக்கு அளக்காததை எழுதிப் பழக்கமில்லை. ஆகவே கடிதத்தை வாசித்துவிட்டுச் சுகமா இல்லையா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் இந்தச் சுனாமி வீட்டுத் திட்டத்தின் சுவர்கள் உங்களுக்குத் தெரியும். மேல்மாடிக்காரர் தும்மினால் நாங்கள் கீழேயிருந்து துஆச் செய்கிறோம்.

விடயம் மருமகன் இன்ஷாப் வேலைக்குக் கட்டார் போகும் பயணம். நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை. மகள் ஜெனூபாவுக்கு இது எட்டாம் மாதம். போன வருடம் ஏழாம் மாதத்தில் என்ன நடந்தது என்பதைத் திரும்ப எழுத என் கை வரவில்லை. டொக்டர் அம்மா அவளைப் படுக்கையை விட்டு எழும்ப வேண்டாம் என்கிறார். பொழுதுபட்டால் வீதியில் இராணுவச் சோதனை, ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ கிடைக்காது. இந்த நிலையில் புருசன் பக்கத்தில் இல்லாவிட்டால் பிள்ளை தாங்கமாட்டாள். அவளுடைய உம்மா கைருன்னிஸா என்னிடம் தினமும் சொன்னாள்: "நீங்க ஒரு சொல்லுச் சொல்லுங்களன், மனிசன்." எப்படிச் சொல்வது? பெண்ணைக் கொடுத்தவன் மருமகனிடம் நேரே ஒன்றைக் கேட்பது நம் முறையில் இல்லை என்பதை இந்தச் சம்பந்தத்தை முடித்துவைத்த நீங்களே அறிவீர்கள். கைருன்னிஸாவோ அவர் முன்னால் வருவதே இல்லை. கதவுத் திரைக்குப் பின்னால் நின்று "மருமகனுக்குத் தேத்தண்ணி வெச்சிரிக்கி" என்று சுவருக்குச் சொல்வாள்.

கல்முனையில் மருமகன் வைத்திருக்கும் வீடியோ கேம் கடையை இப்போதெல்லாம் பின்னேர அசர் தொழுகையோடேயே பூட்டிவிட வேண்டியிருப்பதால், ஒரு கேம் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து விறாந்தை டீவியில் பொருத்தியிருந்தார். பதினாறு நாட்களுக்கு முன் ஒரு பின்னேரம் நான் பத்திரிகையோடு பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அவர் கண் டீவியில், என் கண்ணும் டீவியில். முகத்துக்கு முகம் பார்க்காமல் ஒரு மருமகனுக்கு அருகே இருக்கலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தத் துணிச்சலில் டீவியைப் பார்த்தே கேட்டுவிட்டேன்: "பயணத்த ஒரு மூணு மாசம் பொறுத்துப் போனா என்ன?"

டீவியில் அவருடைய ஆள் வெட்டுப்பட்டு விழுந்தான். கண்ணை எடுக்காமலே, "மாமா, இந்தத் தளபதிர வாள ஒரு தரம் ஒங்கட வாளால தட்டி விடுங்க. தட்டினா புள்ள பொறக்கும் வரைக்கும் நான் போகல்ல" என்றார். ஜோய்ஸ்டிக்கை என் மடியில் வைத்தார்.

மச்சான், தளபதி என்பவன் அந்த கேமில் வரும் எதிரி, பனைமர உயரம். அவன் வாள் நம்மேல் விழும் அந்தக் கணத்தில் ஒரு பட்டனை அமத்த வேண்டும். முந்தினாலும் வெட்டு, பிந்தினாலும் வெட்டு. சரியான நேரம் ஒரு செக்கனில் ஆறில் ஒரு பங்கு என்றார் மருமகன். நான் மழைப் பதிவுக் கொப்பி ஒன்றில் கோடு கீறி, முந்தியது, பிந்தியது, தட்டியது என்று மூன்று நிரல் போட்டேன். நேற்றுவரை பதினைந்து நாளில் நானூற்றுப் பன்னிரண்டு தரம் வெட்டுப்பட்டேன். பிந்தியது ஒன்பது. மீதி முழுவதும் முந்தியது. தட்டியது நிரலில் பேனை படவேயில்லை.

என் பிழை எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். கடல் வந்து போன நாளுக்குப் பிறகு யாராவது "கடல்" என்று வாயெடுத்தாலே நான் செருப்பில்லாமல் மாவடிப்பள்ளிப் பாலத்தில் நிற்பேன். ஒருமுறை உங்கள் ஆலை வாசலுக்கே வந்து சேர்ந்ததும், மீன்காரன்தான் கடல் மீன் என்று கூவினான் என்பது பிறகு தெரியவந்ததும், கைருன்னிஸாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள், அவள் மறக்கவில்லை. போன கிழமை சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கேட்குமுன்னே நீட்டிவிட்டேன். "ஐயா, என்ன அவசரம்?" என்று அந்தச் சிப்பாய்ப் பொடியன் என்னைக் கால் மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டான். பயந்தவன் எல்லாவற்றுக்கும் முந்துகிறான், மச்சான்.

மருமகன் பொறுமையாகத்தான் சொல்லித் தந்தார். "மாமா, வாளப் பாக்காதீங்க, வாள் பொய் சொல்லும். ஓங்கிப்போட்டு நிப்பான், அப்ப அமத்தினா சரி, நீங்க மவுத்து." வேறு எதைப் பார்ப்பது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை, அவருடைய கை தானாகச் செய்கிறது. ஒவ்வொரு தரம் நான் விழும்போதும் உச்சுக் கொட்டுவார். அந்தச் சத்தம் எனக்கு வாளை விட வலித்தது.

வழியைக் கண்டுபிடித்தது நானில்லை. நேற்று, நான் விழுந்து கிடக்கையில், கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து சுவருக்கு ஒரு குரல் வந்தது: "அவன் வாள ஓங்கக்குள்ள வெட்டல்ல. குதிக்கால் நெலத்துல பட்ட பொறகுதான் வெட்டுறான். பதினஞ்சு நாளாப் பாத்துக்கிட்டு இரிக்கன், இவருக்கு விளங்கல்ல."

மருமகன் முதல்தடவையாகத் திரும்பிக் கதவுத் திரையைப் பார்த்தார். "மாமி சொல்றது சரிதான்" என்றார் அதிசயமாக.

இன்று அசர் தொழுதுவிட்டு உட்கார்ந்தோம். மருமகன், "மூணு தரம்தான் மாமா. பொறகு நான் பெட்டி கட்டணும்" என்றார். உள்ளே கட்டிலில் ஜெனூபா ஓதிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் தரம், ஹெலிகொப்டர் ஒன்று வடக்கே போனது. ஜன்னல் கண்ணாடி அதிர, என் விரல் தானாக அமத்திவிட்டது. வெட்டு. இரண்டாம் தரம், குதிக்காலையே பார்த்துக்கொண்டிருந்து பட்டனை மறந்துபோனேன். வெட்டு. கொப்பியில் பிந்தியது பத்து. மூன்றாம் தரம் ஜோய்ஸ்டிக் வியர்வையில் வழுக்கியது. சாரனில் கையைத் துடைத்துக்கொண்டேன். தளபதி வந்தான். வாளை ஓங்கினான். என் உடம்பு முழுக்க அமத்து அமத்து என்றது.

"பொறுங்க" என்றது கதவுத் திரை.

ஓங்கிய வாளோடு அவன் நின்றான். மின்சாரம் ஒருமுறை மங்கி வந்தது.

"பொறுங்க, மனிசன்! ஓடிராதீங்க!"

ஓடவில்லை, மச்சான். அறுபத்தெட்டு வயதில் முதன்முறையாக, என்னை வெட்ட வருபவனுடைய குதிக்கால் நிலத்தில் படும்வரை இருந்த இடத்திலேயே இருந்தேன். பட்டது. அமத்தினேன். கொல்லன் பட்டறையில் கேட்கும் சத்தம் ஒன்று கேட்டது. தளபதியின் வாள் ஒரு பக்கம், தளபதி ஒரு பக்கம். ஜெனூபா உள்ளே அழுதாள். கைருன்னிஸா திரையைப் பிடித்த பிடியில் அது கம்பியோடு கழன்று விழுந்து, மாமியும் மருமகனும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் ஓடினார்கள். அது என் திறமையா தற்செயலா என்று எனக்கு இன்னும் சந்தேகம். இருந்தாலும் மருமகன் சொல் தவறவில்லை. "ஓம் மாமா. போகல்ல" என்றார்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். கல்முனைப் பயண முகவர் உங்களுக்குத் தெரிந்தவர். நாளை வியாழன் காலையிலேயே அவரிடம் போய், இன்ஷாப்பின் பயணத்தைப் பின்போடும்படி சொல்லிவிடுங்கள். இக்கடிதத்தை உங்கள் ஆலை லொறிச் சாரதியிடம் கொடுத்துவிடுகிறேன். நீண்ட ஹயாத்தையும் நிறைந்த பரக்கத்தையும் தங்கள் குடும்பத்துக்கு அல்லாஹ் தருவானாக. தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லோருடைய ஸலாம்.

அன்பு மறவாத,
ஆ. சீனிமுகம்மது

பி.கு. (வியாழன் பின்னேரம்): லொறி வரவில்லை. காத்திருக்கப் பயந்து முகவரிடம் நானே போனேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்து, "ஒங்கட மருமகன்ட விசா சரிவரல்லியே. பதினெட்டு நாளாச்சி. பாஸ்போட்டயும் அண்டைக்கே தந்துட்டன். சொல்லல்லியா?" என்றார். எங்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அந்தப் பிள்ளை பதினாறு நாளாக என்னைத் தட்டவைக்கப் பாடுபட்டிருக்கிறார். நான் விழும்போதெல்லாம் உச்சுக் கொட்டியது அதற்குத்தான். எனவே நீங்கள் எங்கும் போக வேண்டாம், எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். நானும் வீட்டில் மூச்சு விடவில்லை. சற்றுமுன் மருமகன் இன்னொரு தளபதியைக் கொண்டுவந்திருக்கிறார். இவனுக்கு இரண்டு வாள். "இவனயும் தட்டினா, புள்ளைக்கி நாப்பது நாள் முடியும் வரைக்கும் இரிப்பன் மாமா" என்றார், டீவியைப் பார்த்தபடி. நானும் டீவியைப் பார்த்தபடி, "சொன்ன சொல்லு மாறப்படா, மருமகன்" என்றேன். கொப்பியில் புதுப் பக்கம் கீறியாகிவிட்டது.