அத்தையின் பளிங்கு மேடை

வெட்டின எலுமிச்சம்பழத்தை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு மாப்பிள்ளை போன் பேசப் போயிருக்கக் கூடாது. போய்விட்டார். வந்து பழத்தை எடுத்தால், மாமியார் வீட்டுச் சமையலறையின் பளிங்கு மேடையில் வட்டமாக ஒரு வெளுப்பு.

லேசுப்பட்ட மேடையா அது! குனிந்தால் மீசை முடியை எண்ணலாம். வெறும் தண்ணீர், பருத்தித் துணி, சிந்தினால் உடனே ஒற்றி எடுக்கணும், அவ்வளவுதான் சூட்சுமம் என்பார் மாமியார். இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. மனுஷி என்றால் அவரல்லவா மனுஷி என்று மாப்பிள்ளை ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

அப்பேர்ப்பட்ட அம்மாள், ஊருக்குக் கிளம்பும்போது பெற்ற மகளை நம்பாமல் இவர் கையில் சாவியைக் கொடுத்தார். "உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன், மாப்பிள்ளை."

மாமியார் வாயால் இப்படி ஒரு வார்த்தை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? இன்று சாயங்காலம் அவர் வந்து இறங்கினால் அது காற்றில் பறந்துவிடும்.

கறை என்று நினைத்து வினிகரை ஊற்றினார். புளிப்புதான் பளிங்கைத் தின்னும் என்று பாவம், அவருக்கு யார் சொல்வது? வட்டம் தட்டளவு ஆயிற்று. பாத்திரப் பவுடரைப் போட்டு மூச்சைப் பிடித்துத் தேய்த்தார். கீறல் கீறலாக விழுந்தது. கீறலை மறைக்க எண்ணெய் தடவினார். கல் அதையும் குடித்துவிட்டுக் கறுத்துப்போனது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

மனைவிக்குப் போன் போட்டார். அவள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, எதற்கும் சாவியை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடி வந்துவிடுங்கள் என்றாள். கட்டினவள் சொல்கிற ஆறுதலா இது!

கடைசியில் பக்கத்து வீட்டில் விசாரித்து, கல்லுக்குப் பாலிஷ் போடுகிறவரை வரவழைத்தார். அவர் மெஷினோடு நேரே சமையலறைக்குள் போய், யாரையும் கேட்காமல் பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த பிளக்கில் ஒயரைச் சொருகினார்.

மாப்பிள்ளைக்கு அதையெல்லாம் கவனிக்கிற நிலையா? கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, அத்தை குழந்தை மாதிரி பாத்துக்கிட்ட கல்லு இது. இனிமே அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

பாலிஷ்காரர் மேடையை விரலால் தடவிப் பார்த்தார்.

"நீங்க பரவாயில்ல சார், ஒரு மூலையோட நிறுத்திட்டீங்க. உங்க அத்தை கூப்பிட்டு நான் வர்றப்பல்லாம் மேடை முழுக்க இப்படித்தான் இருக்கும்."