ராசமாணிக்கம் இல்லை

என் தங்கை செல்வியின் கல்யாணப் பத்திரிகையை வைக்கக் கிளம்பிய அன்று வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: அப்பா, அம்மா, செல்வி. இல்லாதவன் நான். தேரடித் தெருவில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு வேலைக்குப் போய்விட்டேன். நான் வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது. (இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்பது செல்வியின் கருத்து.)

இன்னும் நான்கு பேர் அன்று இல்லை: ஜ, ஷ, ஸ, ஹ. அவர்களை உள்ளே விடாதவன் நான்தான்.

எண்பதுகளின் கடைசி அது. எங்கள் வீடு அடி அண்ணாமலையில். அப்பா மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை தூக்குபவர். அவருக்கும் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. செல்வி ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள். நான் ஒருவன்தான் பட்டம் வரை போய், அதற்குமேல் வேலூரில் ஆறு மாதம் தங்கி, 'சி' என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டு திரும்பியவன். மண்டியில் அப்பா, "எம் பையன் சீனு ஒரு பாஷை படிச்சிக்கிறான்" என்று பெருமையாகச் சொல்வார். கேட்டவர்கள் என்னைப் பார்க்கும் பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருக்கும்.

அந்த இரக்கத்துக்கு நான் தகுதியானவன்தான். ஒரு மனிதனை இவ்வளவு அலட்சியமாக நடத்தும் மொழியை நான் பார்த்ததில்லை. நாற்பதாவது வரியில் ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டால், நாற்பத்தோராவது வரியில் தப்பு என்று சொல்லும். அங்கே போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அதற்குள் அடுத்தடுத்து இன்னும் இருபது புகார்களை, எல்லாவற்றையும் மொட்டை ஆங்கிலத்தில், திரை நிறைய அடித்துத் தள்ளும். கடைசியில் ஒரே ஒரு அரைப்புள்ளி. இதைச் சொல்ல இத்தனை ஆர்ப்பாட்டமா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

அந்த ஆத்திரத்தில்தான் ஒரு சபதம் செய்தேன். நான் எழுதும் புரோகிராம் தப்பு நடந்தால் தமிழில் சொல்லும். அடக்கமாக, ஒரே வரியில், யாருக்கும் புரியும்படி சொல்லும்.

செல்வியின் கல்யாணம் வசமாக வந்து மாட்டியது. பத்திரிகையை அச்சகத்தில் அடித்தாகிவிட்டது. கவர் மேல் பெயரை மட்டும் கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டலாம் என்றேன். "கையால எழுதினா ஆவாதா?" என்றார் அப்பா. பட்டதாரி மகனின் முகம் வாடுவதைப் பார்த்ததும், "சரி, மெஷின்லயே போடு" என்றார்.

அந்தக் காலத்து பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. நான் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து பிரிண்டருக்குள் ஏற்றினேன். பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தால், என் புரோகிராம் அதை இந்தத் தமிழ் எண்களாக மாற்றி பிரிண்டருக்கு அனுப்பும். பிரச்சினை என்னவென்றால் பிரிண்டருக்குள் இடம் கம்மி. அ முதல் ன வரை ஏற்றி, கொம்பு, கால், சுழி எல்லாம் ஏற்றியதும் நிரம்பிவிட்டது. ஜ, ஷ, ஸ, ஹ வெளியே நின்றன.

கல்லூரியில் நான் தமிழ் மன்றச் செயலாளர். இடம் இல்லாததற்குக் கொள்கை என்று பெயர் வைத்துவிட்டேன். வடவெழுத்து எதற்கு? ஜ வந்தால் ச போடு, ஹ வந்தால் க போடு. அப்படி மாற்றும்போது எனக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை வரட்டும் என்று ஒரு பிழைச் செய்தியும் எழுதினேன். அதன் வடிவம் இதுதான்: 'பர்சென்ட் எஸ்' இல்லை.

'பர்சென்ட் எஸ்' என்பது சி மொழியில் ஒரு காலி நாற்காலி. நாம் எதை அனுப்புகிறோமோ அது வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் அனுப்ப வேண்டியது, எந்த எழுத்து இல்லையோ அந்த எழுத்தை. நான் அனுப்பியது அந்த ஆளின் முழுப் பெயரை.

இது முதல் தப்பு. இரண்டாவது இதைவிட அழகு. சி மொழியில் ஒரு புரோகிராமுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று விஷயம் போகிற வாசல், இன்னொன்று புகார் போகிற வாசல். விஷயத்தை பிரிண்டருக்குத் திருப்பிவிட்டாலும் புகார் திரையில்தான் வரும். இரண்டாவது வாசல் இருக்கும் சங்கதியே எனக்குத் தெரியாது. (வேலூரில் அதைச் சொல்லிக்கொடுத்த அன்று நான் காய்ச்சலில் படுத்திருந்தேன் என்று பிற்பாடு ஒரு கதை கட்டினேன். காய்ச்சல் எல்லாம் இல்லை. தூங்கிவிட்டேன்.) ஆக, பெயரும் புகாரும் ஒரே வாசல் வழியாக, ஒரே தாளில், ஒரே எழுத்தில் போயின. புகார் ஆங்கிலத்தில் இருந்திருந்தால் எந்தக் குருடனுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும். என் புகார் செந்தமிழில் இருந்தது.

முருகேசன், செல்வி, ஏழுமலை, அண்ணாமலை என்று எங்கள் வீட்டுப் பெயர்களைப் போட்டு சோதித்தேன். கச்சிதம். பிறகு மொத்தப் பெயர்களையும் ஓடவிட்டேன். திரையில் ஒரு பிழை கூட வரவில்லை. எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

அடித்த தாளை நான் பார்க்கவே இல்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்து, ண-வுக்குச் சுழி சரியாக இருக்கிறதா, ற-வின் கால் இறங்குகிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். 'இல்லை' என்பதில் வருகிற லை-யை வரைய நான் ஒரு வாரம் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். அது தாள் முழுக்க அத்தனை லட்சணமாக விழுந்திருந்தது. லை-க்காக மகிழ்ந்தேனே தவிர, இத்தனை லை எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை.

பெயர்களைக் கத்தரித்து மைதாப் பசை தடவி ஒட்டியவள் செல்வி. அவள் ஒருத்திதான் படித்தாள். "இன்னாப்பா, மாமா பேருக்குப் பக்கத்துல இல்லைனு போட்டுக்குது?" என்று அப்பாவைக் கேட்டிருக்கிறாள்.

"அவன் இன்னா படிச்சிக்கிறான், நீ இன்னா படிச்சிக்கிற. மெஷின் சும்மா போடுமா? ஒட்டு."

ஒட்டினாள்.

முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. அதுதான் முறை. வேங்கிக்காலில் இருக்கும் ராஜமாணிக்கம் மாமாதான் அம்மாவுக்கு இருந்த ஒரே அண்ணன். மணையில் உட்காரும் பெண்ணுக்கு மாலை எடுத்துப் போட வேண்டியவர். அவர் வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற முதல் கேள்விக்கே எங்களிடம் பதில் கிடையாது. இதில் இன்னொன்று, மாமா போன மாதம்தான் மஞ்சள் காமாலையில் பிழைத்து எழுந்தவர். 'இன்னிக்கோ நாளைக்கோ' என்று எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஆள்.

தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே பத்திரிகை. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கவரைப் படித்தார்.

திரு. ராசமாணிக்கம் இல்லை
வேங்கிக்கால்

தட்டைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என்ன, ஏது என்று புரியவில்லை. தட்டில் பழம் ஒன்று அழுகலாக இருந்ததுதான் காரணம் என்று அப்பா முடிவுகட்டி, மற்ற வீடுகளுக்கெல்லாம் பழத்தை மாற்றிக்கொண்டு போய் வைத்திருக்கிறார்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். திரும்பி வந்திருந்த கவரை வாங்கினேன். அப்போதுதான், முதல் முறையாக, எழுத்தைப் பார்க்காமல் சொல்லைப் படித்தேன்.

மறுநாள் காலை வேங்கிக்காலுக்கு சைக்கிளை மிதித்தேன். மாமா வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். நான் வண்டியை நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டே உள்பக்கம் திரும்பி அத்தையிடம் சொன்னார்:

"யாரோ வந்துக்கிறாங்க பாரு. ராசமாணிக்கம் இல்லைனு சொல்லி அனுப்பு."

"மாமா, அது தப்பா விழுந்துடுச்சி மாமா."

"தப்பா? போன மாசம் டாக்டரே கைய விரிச்சாரு, ஆனா எழுதிக் குடுக்கல. நீ அச்சுல போட்டுக் குடுத்துட்ட மாப்ள."

நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினேன். காலி நாற்காலியைச் சொன்னேன். இரண்டு வாசல்களைச் சொன்னேன். பிரிண்டரில் இடம் கம்மி என்றேன். அத்தை கதவில் சாய்ந்தபடி கவனமாகக் கேட்டாள்.

"அப்போ இந்த இல்லைனு வர்றது யாருக்கு வர வேண்டியது?"

"எனக்குத்தான் அத்தை."

"எங்க வரணும்?"

"திரையில."

"எங்க வந்துச்சி?"

"உங்க வீட்டுக்கு."

"படிச்ச புள்ள" என்று அத்தை உள்ளே போய்விட்டாள்.

நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, புதுக் கவரில் 'ராஜமாணிக்கம் அவர்கள்' என்று என் மணியான கையெழுத்தில் எழுதி நீட்டினேன். மாமா அதைத் தொடவில்லை.

"பேனாவுல யார் வேணா எழுதலாம். இல்லைனு கம்ப்யூட்டர்ல அடிச்ச இல்ல? இருக்கேன்னு கம்ப்யூட்டர்லயே அடிச்சி எடுத்துனு வா. அப்புறம், எம் பேருல ஜா வரும். எங்கப்பன் வச்ச பேரு. சானாவப் போட்டுக்கினு வராத."

கல்யாணத்துக்கு நான்கு நாள். சென்டருக்கு ஓடினேன். ஜ-வை உள்ளே விட வேண்டுமானால் யாராவது வெளியே போக வேண்டும். ஔ போயிற்று. (அந்த எழுத்தை யாரும் பெயரில் வைப்பதில்லை என்று பார்த்தேன். கொள்கையாவது மண்ணாவது.) ஜ என்பது என்ன மாதிரி எழுத்து என்று அதைப் புள்ளி வைத்து வரைந்தவனுக்குத்தான் தெரியும். ஒரு தடவை ஐ போல வந்தது, ஒரு தடவை பாம்பு போல வந்தது. நடுவில் மத்தியானம் முழுக்க கரண்ட் இல்லை. சென்டர் முதலாளி எட்டிப் பார்த்து, "இது எதுக்கு தம்பி?" என்றார். "ஒருத்தர் உயிரோட இருக்காருன்னு அடிக்கணும் சார்" என்றேன். அவர் சொந்த வேலைக்கு வாடகை என்று மணிக்கணக்கைக் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

ஜ ஒரு வழியாக உட்கார்ந்தது. அடித்தேன்.

திரு. ராஜமாணிக்கம் இருக்கிறார்
வேங்கிக்கால்

மாமா அதை மூன்று முறை படித்தார். ஜ-வை விரலால் தடவிப் பார்த்தார். "இப்ப தட்ட எடுத்துனு உங்கம்மாவ வரச் சொல்லு" என்றார். நான் போன உயிர் வந்தவனாக சைக்கிளில் ஏறினேன். அடுத்த இரண்டு நாளும் மற்ற சொந்தக்காரர்களில் ஜ, ஷ, ஸ, ஹ உள்ளவர்களையெல்லாம் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். விஜயா சித்தி மட்டும், தன் புருஷன் ஷண்முகத்தை மெஷினே இல்லை என்று சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாகச் சொல்லிக் கவரைத் திருப்பித் தர மறுத்துவிட்டாள்.

சொந்தக்காரர்களை நினைத்தேனே ஒழிய, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் ஹபீப் பாயை நினைக்கவில்லை. அவருக்கும் பத்திரிகை வைத்திருந்தோம். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை மாட்டுவண்டியோடு அப்பாவும் நானும் போய் நின்றோம். பாய் எங்களைப் பார்த்ததும் கல்லாவைத் திறந்து பணத்தை எடுத்தார்.

"வாங்கண்ணே. அட்வான்ஸ குடுத்து அனுப்பணும்னு நெனச்சினே இருந்தேன்."

"அட்வான்ஸ் எதுக்கு பாய்? பாத்திரம் எடுக்க வந்துக்கிறோம்."

"நீங்கதான கபீப் இல்லைனு போட்டு அனுப்பினீங்க. சரி, வேற எடம் பாத்துட்டாங்க போல, நேர்ல சொல்ல சங்கடப்பட்டு பத்திரிகையிலயே நாசூக்கா போட்டுட்டாங்கன்னு, அண்டா குண்டா எல்லாத்தையும் வந்தவாசிக்காரங்களுக்கு விட்டுட்டேன்."

"பாய், அது எரர் மெசேஜ்" என்றேன் நான்.

"மெசேஜ்தான் தம்பி. படிச்சனே."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூட்டை தூக்குகிற மனிதர் ஒரு மூட்டையின் எடையை ஊகிப்பதுபோலப் பார்த்தார். பாயே போளூரில் தெரிந்த ஒருவருக்குச் சொல்லி ஏற்பாடு செய்து கொடுத்தார். லாரி வைத்துப் பாத்திரம் வந்து இறங்கியபோது சமையல்காரர் பொறுமை இழந்து கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார்.

மறுநாள் முகூர்த்தத்துக்கு மாமா வந்தார். காமாலையில் இளைத்த உடம்புக்குப் புதுப் பட்டு வேட்டி. (அது நாங்கள் எடுத்துக் கொடுத்தது. அத்தை கேட்டு வாங்கியது.) செல்விக்கு மாலை எடுத்துப் போட்டார். அம்மா அழுதாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "தாய்மாமனுக்கு ஒடம்பு ரொம்ப முடியலைனு சொன்னாங்களே" என்று மெதுவாக விசாரித்தார். மாமா சட்டைப் பையிலிருந்து அந்த 'இருக்கிறார்' சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாரையும் 'இல்லை' என்று சொல்வதில்லை. வாசலில் யார் வந்து கேட்டாலும் 'வெளிய போயிருக்காரு' என்பதுதான் பதில். சென்டருக்குக் கட்டிய பணம், பிரிண்டர் ரிப்பன், போளூர் லாரி, பட்டு வேட்டி எல்லாவற்றையும் அப்பா மண்டிக்கணக்கில் விரலிலேயே கூட்டி வைத்திருந்தார். இப்போது நான் சென்னையில் நல்ல கம்பெனியில் இருக்கிறேன். உன் மகன் கம்ப்யூட்டரில் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அவர் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு சொல்வார்:

"பேரு எல்லாம் நல்லாவே அடிப்பான். கூட இல்லைனு ஒரு வார்த்த போடணும்னாதான் எழுநூத்திப் பதினெட்டு ரூபா ஆவும்."