எங்க வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது

மனிதரில் ஒரு வகையினர் உண்டு. அவர்களை அடையாளம் காணக் கண் வேண்டாம், காது இருந்தால் போதும். யார் வீட்டுப் பிள்ளை கெட்ட கதையானாலும் சரி, முதலில் "அடப்பாவமே" என்பார்கள். தலையை இடமும் வலமும் ஆட்டுவார்கள். நாற்காலியில் சற்றுப் பின்னால் சாய்வார்கள். பிறகு, பக்கத்து வீடு பற்றி எரியும்போது தன் கூரையை நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறவன் முகத்தோடு, "நல்லவேளை, எங்க வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது" என்பார்கள். இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரை இங்கே நிறுத்தி வைக்கிறேன். பயப்படாமல் கிட்டே வந்து பாருங்கள். கடிக்க மாட்டார். பேசுவார்.

கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பழகுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறார். உபதேசம் செய்ய இதைவிடத் தோதான இடம் உலகத்தில் உண்டா? கேட்கிறவர் பெல்ட் போட்டுக் கட்டப்பட்டிருக்கிறார். கை ஸ்டியரிங்கில், கண் சாலையில், உயிர் தொண்டையில். எழுந்து போக முடியாது.

"பத்து வயசுப் பொண்ணு மேடம், உதட்டுச் சாயம் பூசிக்கிட்டு ஸ்கூலுக்கு வருது. நேத்து என் கண்ணால பார்த்தேன். யாரைக் குத்தம் சொல்ல? பெத்தவங்களைத்தான் சொல்லணும். போனைக் கையில குடுத்துட்டு இவங்க என்னத்தைப் பார்த்துக்கிட்டிருக்காங்க? எங்க வீட்டுலயும்தான் ஒரு பொண்ணு இருக்கு. அந்தப் பேச்சே... மேடம், சிகப்பு, சிகப்பு!"

பிரேக்கை அவரே மிதிப்பார். கார் குலுங்கி நிற்கும்.

"பார்த்தீங்களா? உங்க கவனம் எங்க இருக்கு?" என்று கேட்கவும் செய்வார்.

காலை ஆறு மணியிலிருந்து "கண்ணாடியைப் பாருங்க, கண்ணாடியைப் பாருங்க" என்று தொண்டை வறளக் கத்திவிட்டு வீடு திரும்பும் மனிதர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகளைப் பார்த்துச் சொல்லும் முதல் வாக்கியம்: "என்ன பாப்பு, எப்பப் பார்த்தாலும் கண்ணாடி?"

அந்தப் பாப்புவுக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. ஒல்லியான உடம்பு, அடங்காத தலைமயிர், இடது கன்னத்தில் கண்ணுக்குச் சற்றுக் கீழே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மச்சம். பிறந்தபோதே வந்த மச்சம். குழந்தையாக இருந்தபோது மாஸ்டர் முத்தமிடுவதே அந்த இடத்தில்தான். அம்மா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளர். நாள் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, மாலையில் வாயை மூடாத ஒருவருடன் உட்காருகிறவள்.

மாஸ்டர் தன் பழைய கைபேசியை மகளுக்குக் கொடுத்திருந்தார். இதை அவர் "போன் குடுத்தேன்" என்று சொல்ல மாட்டார். "படிப்புக்காக ஒரு வசதி பண்ணிக் குடுத்திருக்கேன்" என்பார். வசதி நன்றாகவே பயன்பட்டது. பாப்பு படித்தாள். அதில் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி தினமும் வந்து, "செல்லங்களா, இன்னிக்கு என் முகத்துக்கு என்னென்ன போடப் போறேன் பாருங்க" என்று ஆரம்பித்து, முதலில் கழுவுவது, பிறகு துடைப்பது, பிறகு ஒரு சொட்டு, அது காய்ந்ததும் இன்னொரு சொட்டு, அதற்கு மேல் ஒரு களிம்பு, களிம்பு தெரியாமல் இருக்க ஒரு பூச்சு, பூச்சு தெரியாமல் இருக்க ஒரு பவுடர் என்று பாடம் நடத்துவாள். வீட்டுப்பாடத்தை நாலு தடவை சொன்னாலும் மறக்கிற பிள்ளைக்கு இந்த வரிசை ஒரே நாளில் மனப்பாடம். பொருள்களுக்கும் பஞ்சமில்லை. மாஸ்டரின் தங்கை வந்துபோகும்போதெல்லாம் தான் பாதி பூசிச் சலித்த சீசாக்களை, "அத்தைக்கு இது ஒத்துக்கல, நீ வச்சு விளையாடு" என்று கொடுத்துவிட்டுப் போவாள்.

மாஸ்டருக்கு எதுவும் தெரியாது. அவர் மற்ற வீடுகளைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவில்தான் பாப்புவின் பத்தாவது பிறந்தநாள் வந்தது. மஞ்சள் கவுனில் அவளை நிற்க வைத்துப் படமெடுத்து, தன் முகநூல் பக்கத்தில் போட்டார் மாஸ்டர். ஒரு மணி நேரத்தில் பத்தொன்பது பேர் விரும்பினார்கள். பத்தொன்பது! அவரிடம் கார் பழகித் தேறியவர்கள் மட்டும் இரண்டாயிரம் பேர் இருப்பார்கள். நன்றி கெட்ட ஜனம். மனிதர் கொஞ்ச நேரம் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு படத்தை அங்கிருந்து நீக்கிவிட்டு, கைபேசியில் "அழகாக்கு" என்று இருந்த இடத்தைத் தொட்டார். நிறம் ஏறியது. கண் பெரிதானது. முடி அடங்கியது. மச்சம் மட்டும் அடங்காமல் நின்றது. அதை ஆள்காட்டி விரலால் ஒரே ஒரு தடவு தடவினார். போயே போய்விட்டது.

மறுபடியும் போட்டார். இந்தத் தடவை இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பல வருடமாகப் பேசாமல் இருந்த சித்தப்பா ஒருவர்கூட, "பொம்மை மாதிரி இருக்கா" என்று எழுதியிருந்தார். மாஸ்டர் ஓடிப்போய் மகளிடம் காட்டினார்.

"பாரு பாப்பு, எத்தனை பேரு!"

பாப்பு பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள்.

"மச்சம் எங்கப்பா?"

"அதுவா... லைட்டு. வெளிச்சத்துல தெரியல."

அவள் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நன்றி சொல்ல வேண்டாமா?

அந்த மாதமே பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. பெற்றோர் கூட்டத்தில் "பிள்ளைகளும் திரையும்" என்ற தலைப்பில் ஒரு பெற்றோர் பேச வேண்டும்; பெற்றோர் குழுவில் நாளுக்கு ஆறு செய்தி போடுகிற மாஸ்டரைவிடத் தகுதியானவர் யார்? மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. துணி உலர்த்தும் மாடத்தில் நின்று, கொடியில் தொங்கும் சட்டைகளைச் சபையாகப் பாவித்து ஒத்திகை பார்த்தார்.

"என்னங்க," என்று மனைவி எட்டிப் பார்த்தாள். "பாப்பு முக்கால் மணி நேரமா குளியலறையில இருக்கா."

"சுத்தமா இருக்கக் கத்துக்கிறா. நல்லதுதானே?"

"நாலு நாளா இப்படித்தான்."

"ஊர்ல பிள்ளைங்க குளிக்கவே மாட்டேங்குது. நீ இதுக்குக் கவலைப்படறே."

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, சனிக்கிழமை காலை, குளியலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையை வாய்க்குள்ளேயே அமுக்கப் பார்த்து முடியாமல் போன சத்தம். அம்மா கதவைத் திறக்க வைத்தபோது பாப்புவின் இடது கன்னம் தணலாகச் சிவந்திருந்தது. மச்சத்தைச் சுற்றித் தோல் கொப்பளித்து நீர் கோத்திருந்தது. வாளிக்குப் பின்னால் பதினொரு சீசாக்கள், உயர வரிசைப்படி.

அம்மா ஒன்றை எடுத்து வாசித்தாள். "முப்பத்தஞ்சு வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு. சுருக்கம் போக்கும்." சீசாவை மகளிடம் நீட்டினாள். "உனக்கு எங்கடி இருக்கு சுருக்கம்?"

"வர்றதுக்கு முன்னாடியே போடணுமாம்மா."

மாஸ்டர் வாசலில் நின்றார். "நம்ம வீட்டுலயா?" என்று கேட்டார். அது கேள்வி இல்லை.

தோல் மருத்துவர் நரைத்த தலையும் மெதுவான பேச்சும் உள்ள பெண்மணி. கன்னத்தைத் துடைத்து மருந்து வைத்து, ஆறிவிடும், வெயிலில் போகக் கூடாது, இனி இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாப்புவை நேராகப் பார்த்து ஒன்று கேட்டார்.

"முகம் முழுக்கப் போட்டிருந்தா முகம் முழுக்க வெந்திருக்கும். நீ இந்த ஒரு இடத்துலதான் திரும்பத் திரும்பப் போட்டிருக்கே. ஏன்மா?"

பாப்பு தரையைப் பார்த்தாள்.

"எல்லாம் அந்தக் கைபேசி பண்ற வேலை டாக்டர்," என்று மாஸ்டர் ஆரம்பித்தார். "இந்தக் காலத்துல..."

"கொஞ்சம் இருங்க. நீ சொல்லும்மா. மச்சம் நல்லா இல்லைன்னு யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல." பாப்பு கன்னத்தைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். "போட்டோல இல்ல. அதான்."

"எந்த போட்டோல?"

"அப்பா போட்டதுல. மச்சம் இருக்கிறப்ப பத்தொன்பது பேருக்குத்தான் பிடிச்சுது."

மருத்துவர் சீட்டில் எழுத ஆரம்பித்தார். மாஸ்டர் இருபது வருடத்தில் முதல் முறையாக, பேச இடமிருந்தும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். காலுக்கடியில் ஏதோ ஒன்றை மிதிக்கப் போவது போல அவருடைய வலது பாதம் மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

மனிதர் திருந்திவிட்டார், கதை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தை உங்களுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் போனார். பாப்புவும் அம்மாவும் மூன்றாவது வரிசையில். கன்னத்தில் வெள்ளை மருந்து. அதன்மேல் தலைமயிரை இழுத்து விட்டுக்கொண்டு பாப்பு குனிந்தே இருந்தாள். மாஸ்டர் மேடையேறி, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுல நடந்தது," என்று தொடங்கினார். சொல்லச் சொல்ல மண்டபம் உச்சுக் கொட்டியது. "என்ன பெத்தவங்களோ" என்று முன்வரிசையில் ஒரு பெண்மணி சொன்னது மேடைவரை கேட்டது. அந்த வார்த்தை அவரை எங்கோ குத்தியிருக்க வேண்டும். உண்மையாகவே குத்தியது, அதில் அவருக்கு அநியாயம் செய்யக் கூடாது. நிறுத்தினார். தண்ணீர் குடித்தார்.

"அந்த ஒருத்தர் நான்தாங்க," என்றார். "அந்தப் பொண்ணு, அதோ, என் பொண்ணு."

கையை நீட்டினார்.

முந்நூறு தலைகள் திரும்பின. தலைகளுக்கு முன்னால் கைபேசிகள் உயர்ந்தன. மாஸ்டர் தழுதழுத்தார், மண்டபம் எழுந்து கைதட்டியது, தலைமையாசிரியை கண்ணைத் துடைத்தார். பாப்பு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அம்மாவின் மடியில் கவிழ்ந்தாள். "பாவம், குழந்தைக்கும் மனசு உருகிடுச்சு" என்று அதையும் நெருங்கி வந்து படமெடுத்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் சிக்னலுக்குச் சிக்னல் மாஸ்டர் கைபேசியைப் பார்த்தார்.

"நான் பேசின வீடியோவை எட்டாயிரம் பேரு பார்த்துட்டாங்க. 'இப்படி ஒரு அப்பா கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்'னு ஒருத்தர் எழுதியிருக்கார். கேட்டியா பாப்பு?"

பின் இருக்கையில் பாப்பு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன, அப்பா தப்பை ஒத்துக்கிட்டேனே?"

"எல்லார்கிட்டயும் சொன்னீங்க," என்றாள் பாப்பு. "என்கிட்ட கேக்கவே இல்ல."

"நாளைக்கு அவ எப்படிங்க ஸ்கூலுக்குப் போவா?" என்றாள் மனைவி. சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். பச்சை விழுந்து, பின்னால் வண்டிகள் ஒலி எழுப்பியும், மாஸ்டருக்குக் கார் நகரவில்லை.

பாப்பு மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அந்த இரண்டு நாளும் வகுப்புகளை ரத்து செய்துவிட்டு மாஸ்டர் போனும் கையுமாக உட்கார்ந்தார். முதலில் தன் பக்கத்திலிருந்த பிறந்தநாள் படத்தை நீக்கினார். நீக்கும்முன் அந்த இருநூற்றுப் பன்னிரண்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார், மனிதர்தானே. பிறகு, மண்டபத்தில் படமெடுத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "அந்த வீடியோவை எடுத்துடுங்க, குழந்தை சங்கடப்படுது" என்று கெஞ்சினார்.

"நல்ல விஷயம்தானே மாஸ்டர், நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும்," என்றார் பெற்றோர் குழுவின் செயலாளர். "நாலு பேரு திருந்தினா சரி. எங்க வீட்டுல அந்தப் பிரச்சினை இல்ல, இருந்தாலும் சொல்றேன்."

மாஸ்டர் காதிலிருந்து போனை எடுத்து, அதை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். தன் குரலை அடுத்தவர் வாயில் கேட்பது அவ்வளவு இன்பமான அனுபவம் இல்லை. சிலர் எடுத்தார்கள். சிலர் "சரி" என்று சொல்லி எடுக்கவில்லை. மீதி எங்கெங்கே போனது என்று யாருக்குத் தெரியும்? மூன்றாம் நாள் பாப்பு தானாகவே பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கூடவே போன மாஸ்டரிடம் வாசலில், "நீங்க உள்ள வர வேணாம்ப்பா" என்றாள். அவர் உள்ளே போகவில்லை.

கன்னம் ஆறிவிட்டது. மச்சம் அப்படியே இருக்கிறது. சுற்றிலும் ஒரு வளையம் மட்டும் வெளுத்திருக்கிறது, அதுவும் போகும் என்கிறார் மருத்துவர். சீசாக்கள் வந்த வழியே அத்தைக்குப் போயின. மாஸ்டர் காரில் இப்போதும் பேசுகிறார். வாய் என்ன கொப்பளமா, ஆறிப்போக? ஆனால் பேச்சு தன் வீட்டருகே வரும்போது இருமல் வந்துவிடுகிறது.

நீங்கள் இவர் மாதிரி இல்லை. அது தெரிந்ததுதான். உங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள்: இதைப் படித்துக்கொண்டே வரும்போது, "இதை அவங்களுக்கு அனுப்பணும், அவங்கதான் கட்டாயம் படிக்கணும்" என்று ஒரு முகம் உங்கள் மனத்தில் வந்ததா, இல்லையா?

வந்தது உங்கள் முகமாக இருந்தால், நீங்கள் பிழைத்தீர்கள்.