பேட்டரி ரூமுக்கு ரெண்டு ஜன்னல்

வீடு கட்ட இன்ஜினியர் எதற்கு என்று நைனா முகம்மது முடிவு செய்தபோது அவர் கையில் ஒரு மனையும் ஒரு அளவு டேப்பும் இருந்தன. அது போதும் என்று அவருக்குத் தோன்றியது. திருக்கழுக்குன்றம் ரோட்டில் இருபத்து மூன்று வருஷமாக ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். ஆணி, பைப், பெயிண்ட், பூட்டு என்று ஊருக்கே விற்றவர். தன் கடைச் சாமான்கள் எல்லாம் எழுந்து ஒழுங்காக நின்றால் அதற்குப் பெயர்தான் வீடு என்பது அவருடைய கொள்கை.

ஆகவே புதுப்பட்டினத்தில், கடல் சத்தம் கேட்கும் தூரத்தில் வாங்கிய மனைக்கு அவரே பிளான் போட்டார். அனுமதிக்கு மட்டும் ஒருவரிடம் போய்க் கையெழுத்து வாங்கினார். மேஸ்திரி காசிநாதன் அவர் சொன்னபடி கட்டினார். அடுத்த வாரம் அவர் வேறு மாதிரி சொன்னால் இடித்துவிட்டும் கட்டினார்.

அந்த பிளானில் எல்லாம் இருந்தன. மீன் கழுவத் தனித் தொட்டி இருந்தது. குடை மாட்ட ஒரு மாடம் இருந்தது. மனைவி பதருன்னிசாவின் ஆரி கிளாஸுக்கு மட்டும் இடம் இல்லை.

மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் வைத்துக் கல்யாண பிளவுஸுக்குப் போடுவார்களே, அந்த ஆரி வேலை. பதருன்னிசா அதில் கெட்டிக்காரி. வாடகை வீட்டு ஹாலில் மூன்று சட்டங்களைப் போட்டு அணுபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கத்துப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தாள். நைனா முகம்மது மதியம் சாப்பிட வந்தால் ஹால் வழியாகப் போக முடியாது. பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் நிமிர்ந்து பார்க்கிற பழக்கமும் அவருக்கு இல்லை. குனிந்த தலையோடு வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவார். பன்னிரண்டு ஜோடி. பின்பக்கமாகச் சுற்றிப் போய் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவார். “ஹால்ல ஆரி, தட்டுல சோறு ஆறி” என்பது அவருடைய தினசரிப் புலம்பல். ஒரு நாள் தயிர் சோற்றில் முத்து கிடைத்தது. கடலோரமே என்றாலும் தயிர் சோற்றில் முத்து கிடைப்பது அதிகம் என்று அவர் நினைத்தார்.

புது வீட்டில் கிளாஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார். வூடு என்றால் குடியிருக்க, அவ்வளவுதான்.

பதருன்னிசா வாதாடவில்லை. அப்படியானால் மொட்டை மாடியில் ஒரே ஒரு ரூம் போட்டுத் தரலாமா என்று கேட்டாள்.

“அஸ்திவாரம் தாங்காது,” என்றார் அவர். “மேல ஒரு செங்கல் கூட வெச்சாலும் மொத்த வூடும் மண்ணுல பூந்துகினு போயிடும்.”

“சரிங்க,” என்றாள் பதருன்னிசா.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாகிறது. இந்தச் ‘சரிங்க’வைக் கேட்டு ஒரு தடவையாவது அவர் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. நிம்மதியாகக் கடைக்குப் போனார்.

தளம் போட்ட மாதம் அவருக்கு ஒரு பெரிய யோசனை உதித்தது. சோலார். வெறும் சோலார் இல்லை, பேட்டரியோடு. மழைக்காலத்தில் காற்றடித்துக் கரண்ட் போனால் தெருவே இருட்டில் கிடக்கும், தன் வீடு மட்டும் கல்யாண வீடு மாதிரி எரியும், அக்கம்பக்கத்தார் போனுக்கு சார்ஜ் ஏற்ற வரிசையில் நிற்பார்கள், தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம் என்று பல நாள் படுக்கையில் ஓட்டிப் பார்த்தார். பதருன்னிசாவிடம் சொன்னபோது அவளுக்கும் முகம் மலர்ந்தது. அவர் எது சொன்னாலும் இவ்வளவு சீக்கிரம் மலர்கிற முகம் இல்லை அது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். முதல் இருவர் அவருக்கே சோலார் பாடம் நடத்தினார்கள். மூன்றாவதாக வந்தது ரோகிணி என்கிற பெண். தலையில் ஹெல்மெட், சட்டையில் கம்பெனிப் பெயர், கையில் மீட்டர். அவர் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு “கரெக்ட் சார்” என்று மட்டும் சொன்னாள். தொழில் தெரிந்த பிள்ளை என்று நைனா முகம்மது அவளுக்கே ஆர்டர் கொடுத்தார்.

அவருடைய திட்டம் எளிமையானது. பத்து பேனல். தளத்துக்கு மேல் ரெண்டடி உயரத்தில் சட்டம். பேட்டரி மாடிப்படிக்கு அடியில். முடிந்தது.

பதருன்னிசா ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். சாயங்காலம் தண்ணித் தொட்டியோட நிழல் இந்தப் பக்கம்தானே விழும், பரவாயில்லையா? தனக்கு ஒன்றும் தெரியாது, அவர்தான் விவரமானவர் என்றும் சேர்த்துச் சொன்னாள். விவரமானவர் ரோகிணியைக் கூப்பிட்டார். அவள் தொட்டியை அண்ணாந்து பார்த்தாள், தரையைப் பார்த்தாள். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் மற்றதெல்லாம் சேர்ந்து சோர்ந்துபோகும், உயர்த்திவிட்டால் நல்லது என்றாள்.

“எவ்ளோ ஒசரம்?”

“ஒன்பதடி இருந்தா சேஃப் சார்.”

ஒன்பதடி உயரத்துக்குக் கம்பம் நட்டால் கடல்காற்றுக்கு நிற்க வேண்டும். கம்பத்துக்கு அடியில் கான்கிரீட் கட்டை போட வேண்டும் என்று நைனா முகம்மதுவே சொன்னார். ஜி.ஐ. பைப் அவர் கடையிலேயே இருந்தது. லோடு லோடாக இறங்கியது. காசிநாதன் தலையைச் சொறிந்தார்.

“அண்ணாத்த, இம்மாம் வெயிட்டுக்கு அஸ்திவாரம் தாங்குமா?”

“எட்டு மாடி தாங்கும்யா. போட்டது யாரு?”

பதருன்னிசா கொத்து வேலைக்காரர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு கூடச் சிந்தவில்லை.

பிறகு பேட்டரி விஷயம் வந்தது. குடும்பம் தூங்குகிற இடத்தில், படிக்கு அடியில், அவ்வளவு கரண்டை அடைத்து வைத்துக்கொண்டு தனக்குத் தூக்கம் வராது என்றாள் அவள். இது லித்தியம், ஒன்றும் ஆகாது என்று அவர் விளக்கினார். அவள் சரிங்க என்றாள். ஆனால் மூன்று நாள் தூங்கவில்லை. தூங்காதவள் சும்மா படுத்திருப்பாளா? அரை மணிக்கு ஒரு தடவை எழுப்பி, லித்தியம்னா இன்னாங்க என்று கேட்டாள். நாலாம் நாள் காலையில் பேட்டரி மொட்டை மாடிக்குப் போகும் என்று அவராகவே அறிவித்தார். பேனலுக்கு அடியில் அவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கிறது.

ஆனால் மழை? பேனலுக்கும் பேனலுக்கும் நடுவில் சொட்டுமே? ஷீட் போட்டு வாய்க்கால் விட்டார். உப்புக்காற்று? செவுரு வைத்தார். பேட்டரிக்கு மட்டும் பீரோ அளவில் ஒரு சின்ன அறை என்றுதான் முதலில் நினைத்தார். அதற்கு நாலு புதுச் செவுரு வேண்டும், தனியாக ஒரு கூரையும் வேண்டும் என்று காசிநாதன் கணக்குச் சொன்னார். கம்பம்தான் சுற்றி நிற்கிறதே, கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் செங்கல்லை வைத்துவிட்டால் வேலை மிச்சம் என்று நைனா முகம்மதுவுக்குப் பளிச்சென்று தோன்றியது. அன்று ராத்திரி முழுக்க அந்த யோசனையைப் பற்றியே பேசினார். “எப்படித்தான் உங்களுக்குத் தோணுதோ,” என்றாள் பதருன்னிசா. இப்படியாகப் பேட்டரி ரூம் கீழே இருக்கிற ஹாலைவிட ரெண்டடி பெரியதாக எழும்பியது.

பேட்டரிக்குச் சூடு ஆகாது என்றாள் ரோகிணி. எதிரும் புதிருமாக ரெண்டு பெரிய ஜன்னல் வந்தன. தரைக்கு வெயிலை வாங்காத வெள்ளை டைல்ஸ் வந்தது. மேலே நாலு ஃபேன் வந்தன. சர்வீஸ் செய்ய வருகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்று எட்டு டியூப் லைட், டெஸ்ட் பண்ண சுவரெல்லாம் பிளக் பாயிண்ட். பேனலில் படிகிற உப்பைக் கழுவ ஒரு குழாய், குழாய்க்கு அடியில் ஒரு வாஷ்பேசின். எல்லாம் அவர் கடைச் சாமான்தான். முதல் தரம் எடுத்துக் கொடுத்தார், பேட்டரிக்கு இரண்டாம் தரம் வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

வெளிப்படிக்கட்டு மட்டும் முழுக்க முழுக்க அவருடைய யோசனை. சர்வீஸ் ஆட்கள் வீட்டுக்குள் புகுந்து மாடி ஏறினால் நன்றாகவா இருக்கும்? தெருப் பக்கத்திலிருந்து நேராக ஒரு படிக்கட்டு, அதற்குத் தனி கேட். இதைச் சொன்னபோது பதருன்னிசா அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மதியம் இறால் வறுத்து வைத்தாள்.

வேலை முடிந்ததும் நைனா முகம்மது தன் கையாலேயே பெயிண்ட் எடுத்து அந்தக் கதவின் மேல் ‘பவர் ஹவுஸ்’ என்று எழுதினார். அறையின் ஒரு மூலையில், சுவரில், சின்ன சூட்கேஸ் அளவில் பேட்டரி தொங்கியது. இவ்வளவு பெரிய இடத்தில் அது கொஞ்சம் தனிமையாக இருப்பது போலத்தான் தெரிந்தது. காற்றோட்டம் என்று சொல்லிக்கொண்டார்.

ஓதி, பிரியாணி போட்டு, குடிவந்தார்கள். வந்தவர்கள் எல்லாரையும் மேலே கூட்டிப்போய்க் காட்டினார். பெண்கள் பேட்டரியைப் பார்க்காமல் ஜன்னலையும் தரையையும் பார்த்தது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

பத்து நாள் கழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கடையில் உட்கார்ந்து போனில் சோலார் ஆப்பைப் பார்த்தார். தினமும் மணிக்கு நாலு தடவை பார்ப்பதுதான். வெயில் நன்றாக இருந்தது, கரண்ட் நன்றாக வந்துகொண்டிருந்தது. ஆனால் வந்ததெல்லாம் எங்கேயோ போய்க்கொண்டும் இருந்தது. வீட்டில் பதருன்னிசா ஒருத்திதான். ஒருத்திக்கு இவ்வளவு கரண்ட் எதற்கு? லீக்கேஜ் என்று அவருக்குப் பகீரென்றது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

வெளிப்படிக்கட்டின் அடியில் பிரேக் போட்டார். படி நெடுக, ஒரு படிக்கு ரெண்டு ஜோடியாகச் செருப்பு. பழக்க தோஷத்தில் எண்ணிக்கொண்டே ஏறினார். பதினெட்டு ஜோடி.

கதவைத் திறந்தார். அஞ்சு மரச்சட்டங்கள் விரிந்து கிடந்தன. நாலு ஃபேனும் சுற்றின. எட்டு லைட்டும் எரிந்தன. பிளக் பாயிண்டில் அயர்ன் பாக்ஸ் இருந்தது. வாஷ்பேசினில் ஒரு பெண் கை கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த இடத்தில் வெள்ளை டைல்ஸில் மணிகள் சிதறிக் கிடந்தன.

“இன்னா இது?” என்றார் தரையைப் பார்த்து.

“பேட்டரி ரூம்ங்க,” என்றாள் பதருன்னிசா.

“வூட்ல கிளாஸ் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்க. வூட்ல வெப்பேனா? இது பவர் ஹவுஸ். நீங்கதான கதவு மேல எழுதினீங்க.”

பதினெட்டுப் பேரும் துணியை உற்றுப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அவர்கள் பட்ட பாட்டில் சட்டங்கள் லேசாக ஆடின.

நைனா முகம்மது அத்தனை சீக்கிரம் விடுகிற ஆள் இல்லை. உள்ளே வந்து ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டு அறிவியலைக் கையில் எடுத்தார். பேட்டரி இருக்கிற இடத்தில் இத்தனை பேர் உட்காரலாமா? மூச்சுக்காற்று, வியர்வை, ஈரம், எல்லாம் அதற்கு ஆகுமா? இதற்கு விவரம் தெரிந்தவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். “ரோகிணி மேடத்தையே கேட்டுடலாம். அவங்க இன்னா சொல்றாங்களோ அதான்.”

“கேளுங்க,” என்றாள் பதருன்னிசா.

போனை எடுத்து நம்பரைப் போட்டார். ஸ்பீக்கரிலும் போட்டார், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று. மணி அடித்தது. அவர் கையில் ஒரு தடவை, மூன்றாவது சட்டத்துக்கு அடியில் ஒரு தடவை.

கிளாஸ் ஆரம்பித்த நாளிலிருந்து அன்றுதான் முதல் தடவையாக நைனா முகம்மது பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். ஹெல்மெட் இல்லாமல், தலையில் மல்லிகையோடு, மடியில் மணிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ரோகிணி உட்கார்ந்திருந்தாள். இடது கையால் போனைத் தடவி எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

“சொல்லுங்க சார்.”

“நீங்க... இங்க எப்ப வந்தீங்க?” என்று அவரும் போனிலேயே கேட்டார்.

“நாலு வருஷமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வரேன் சார். அக்காகிட்டதான் கத்துக்கறேன்.”

அவர் பதருன்னிசாவைப் பார்த்தார். அவள் ஒரு சின்னப் பெண்ணுக்கு நூல் முடிச்சை அவிழ்த்துக் கொடுப்பதில் மும்முரமாக இருந்தாள்.

“அப்ப அந்த நிழலு, சூடு, உப்புக்காத்து...”

“எல்லாம் நெஜம்தான் சார். பொய் சொல்ல மாட்டேன்,” என்றாள் ரோகிணி. கொஞ்சம் யோசித்தாள். “டியூப் லைட்டு மட்டும் ரெண்டு போதும்.”

போனை மடியில் வைத்துவிட்டு மறுபடி ஊசியை எடுத்தாள். நைனா முகம்மது ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். கடைசியில் ரோகிணிதான் தலை நிமிராமல் சொன்னாள்:

“சார், கொஞ்சம் அந்தாண்ட நகந்துக்கிறீங்களா? வெளிச்சம் வரல.”

நகர்ந்துகொண்டார்.