போணிக்குப் போன முகூர்த்தம்

வீட்டில் ஒரே ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் படித்திருந்தால் போதும், அந்தக் குடும்பத்துக்கு வேறு எதிரி தேவையில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான்.

திண்டிவனத்தில் எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. எங்களுக்கு என்றால் பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவருக்கும் பொதுவாக. அதற்கு மூன்று செட் சாவி. சகோதரர்களுக்குள் துளி சந்தேகம் கிடையாது (சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் வந்துவிடும், அதனால்தான் மூன்று செட்).

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை விழுப்புரம். எங்கள் பக்கம் மாப்பிள்ளை ஊரில்தான் கல்யாணம் நடக்கும். "சொந்த மண்டபத்தை வச்சிக்கினு பொண்ணை வெளியில கட்டிக்குடுத்தா நாலு பேரு சிரிப்பாங்க" என்று அப்பா கெஞ்சியதில், வருங்கால மாமியார் அரை மனதாகச் சம்மதித்திருந்தார். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், எங்கள் மண்டபத்திலேயே.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சித்தப்பாவுக்கு மண்டபத்துக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று தோன்றியது. ஜனங்கள் போனிலேயே தேதி பார்த்து, முன்பணம் கட்டி, புக் பண்ண வேண்டும். நான் பந்தி நடக்கும் ஹாலில் மூவரையும் உட்காரவைத்து, சுவரில் படம் காட்டி, இரண்டு வழிகளை விளக்கினேன். ஒன்று, கம்பெனிக்காரர்களின் தளம். மாதாமாதம் பணம் கட்டினால் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ஒருவருக்குத்தான் அட்மின் உரிமை. இன்னொன்று ஓப்பன் சோர்ஸ். மென்பொருள் இலவசம், நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், எத்தனை பேர் வேண்டுமானாலும் அட்மினாக இருக்கலாம். கெட்டுப்போனால் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரியப்பா கண்ணை மூடி யோசித்தார்.

"அப்ப மொதல்ல சொன்னது வாடகை வூடு. ரெண்டாவது சொந்த வூடு. அதான?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் பெரியப்பா."

"நாமளே வாடகைக்கு வுடறவங்க. நாம போயி இன்னொருத்தன்கிட்ட வாடகைக்குக் குந்திக்கினு இருக்கறதா?"

தீர்ந்தது. "ரிப்பேருன்னு வந்தா?" என்று சித்தப்பா இழுத்தார். "நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்த வாயில் அப்போதே கொழுக்கட்டையை வைத்து அடைத்திருக்க வேண்டும்.

மூவருக்கும் அட்மின் உரிமை கொடுத்தேன். ஒருவருக்குக் கொடுக்காமல் விட்டாலும் அவர் என் கல்யாணத்துக்கு வரமாட்டார். பிறகு நாள்காட்டியைத் திறந்து, முதல் பதிவாக என் கல்யாணத்தையே போட்டேன். இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து வெட்கப்பட்டேன் (தனியாகத்தான் இருந்தேன், இருந்தாலும் வெட்கம் வந்தது).

வெப்சைட் திறந்த அன்று காலை பெரியப்பா போனில் அதைப் பார்த்திருக்கிறார். முதல் வரியிலேயே சொந்த வீட்டு விசேஷம். போணி என்பது வெளியாள் கையால் ஆக வேண்டும். சொந்தக்காரன் போணி பண்ணினால் வியாபாரம் விளங்குமா? எனவே என் கல்யாணத்தை அழித்துவிட்டார். வெளிப் பார்ட்டி ஒன்று விழுந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்ற நல்லெண்ணம். கொஞ்ச நேர விஷயம் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் வல்லம் பக்கத்திலிருந்து ஒருவர் புக் பண்ணி, முன்பணமும் கட்டிவிட்டார். பெரியப்பா போனுக்குக் கற்பூரம் காட்டினார். எந்தத் தேதி என்று மட்டும் பார்க்கவில்லை. அப்புறம் என் கல்யாணத்தைத் திரும்பப் போட்டாராம். இங்கிலீஷில் ஏதோ சிவப்பாக வந்ததாம். கல்யாண விஷயம், சிவப்பு மங்களகரம்தானே என்று போனை மூடிவிட்டாராம்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? என் தேதி நிரம்பியிருக்கிறதா என்று தினமும் திறந்து பார்ப்பேன். நிரம்பியிருந்தது. பூரித்துப்போவேன். யார் பெயரில் நிரம்பியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றவே இல்லை.

முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வல்லத்துக்காரர் தாம்பாளத்தில் பத்திரிகை, வெற்றிலைபாக்கு சகிதம் மண்டபத்துக்காரர்களை அழைக்க வந்தார். பெரியப்பா சத்தமாகப் படித்துக்கொண்டே வந்து தேதியில் நின்றார்.

"இன்னாங்க, எதுனா தப்பா அச்சடிச்சிட்டானா?"

"இல்லீங்க. எல்லாம் கரீட்டாத்தான் கீது" என்ற பெரியப்பா, உள்ளே போய் எங்கள் பத்திரிகை ஒன்றை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். அதே நாள், அதே நேரம், அதே மண்டபம். இரண்டு பேரும் ஒருவர் பத்திரிகையை ஒருவர் வெகுநேரம் படித்தார்கள்.

"கம்பெனிக்காரன்துன்னா போன் பண்ணித் திட்டலாம். இதுக்கு யாரைத் திட்டறது?" என்றார் அப்பா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் இணையக் குழுவில் அழுதுகொண்டே கேள்வி போட்டேன். எந்த நாட்டுக்காரரோ, மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது என்று பதில் சொல்லி, திருமண வாழ்த்தும் தெரிவித்திருந்தார்.

"காசு வாங்கின பார்ட்டியை வெளிய அனுப்பற பழக்கம் நமக்குக் கெடயாது" என்றார் பெரியப்பா.

"அப்ப எம்பொண்ணை அனுப்பறியா?" அப்பா அண்ணனிடம் குரலை உயர்த்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

விழுப்புரத்துக்குச் சேதி போனது. மாமியார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "சொந்த மண்டபத்துலயே எடம் கெடைக்கலியா? பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடுங்க சம்பந்தி." அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் நின்றுவிடும் போலிருந்தது. வெட்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு மாப்பிள்ளைக்கு நானே போன் போட்டு, போணி முதல் சிவப்பு வரை ஒப்பித்தேன்.

"யார் யாருக்கு அட்மின் குடுத்த?"

"மூணு பேருக்கும்."

"ஏன்?"

"ஒருத்தருக்குக் குடுக்கலைன்னாலும் கோவிச்சிக்குவாங்க."

"எங்க பம்புசெட்டு ரூமுக்கும் மூணு பூட்டு" என்றார். "அம்மாகிட்ட நான் பேசறேன்."

பேசினார். வழக்கப்படி மாப்பிள்ளை ஊரிலேயே வைத்துக்கொள்வது என்று ஆனதும் மாமியார் முகம் மலர்ந்துவிட்டதாம். அந்த அவசரத்தில் கிடைத்தது, பெயிண்ட் காயாத ஒரு புது மண்டபம். சுவரில் சாய்ந்தவர்கள் எல்லாம் முதுகில் இளம்பச்சையோடு வீட்டுக்குப் போனார்கள். பெரியப்பா வாழ்த்துவதற்கு முன்னால் ஃபேன்களை எல்லாம் போட்டுப் பார்த்தார். தாலி கட்டும்போது மட்டும் மேடை ஓரத்தில் நின்று தேம்பித் தேம்பி அழுதார்.

போன மாதம் அவர் விழுப்புரத்துக்கு வந்திருந்தார். என் மகள் இப்போதுதான் எல்.கே.ஜி. போகிறாள். அவளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு போனை நீட்டினார். இருபத்தோரு வருஷம் கழித்து வரும் ஆவணி. மாதம் முழுவதும் அவள் பெயரில் பதிவாகியிருந்தது.

"அந்த வருசத்துப் பஞ்சாங்கம் இன்னும் யாரும் போடலம்மா. அதான் மாசத்தையே புடிச்சிட்டேன். கம்பெனிக்காரன்துன்னா இம்மாந்தூரம் போவ வுடுவானா?"

என் மாமியார் காபியை வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "மாப்பிள்ளை வூட்டுக்காரங்க தை மாசம் வேணும்னு சொன்னா இன்னா பண்ணுவீங்க?"

"வேற மாப்பிள்ளை பாப்போம்" என்றார் பெரியப்பா.