கலப்பையில் ஒட்டிய மண்

"மண்ணு ஒட்டிருக்கு. லாரிய ஓரங்கட்டுங்க ஐயா."

நார்மன் கில்மோருக்குச் சுர்ரென்று ஏறியது. உழவுப் போட்டியில் ஏழு வருடமாக ஒரே ஸ்காட்லாந்துக்காரனிடம் தோற்றவர், இந்த முறை கோப்பை இல்லாமல் வீடு திரும்புவதில்லை என்று சபதம் போட்டுக் கிளம்பியிருந்தார். பன்னிரண்டு மணிக்கு ஸ்காட்லாந்தில் போட்டி. வட அயர்லாந்தின் லார்ன் துறைமுகத்தில் கப்பல் ஏறியதும் குமட்டலுக்கு மாத்திரை போட்டு அயர்ந்து தூங்கி, கப்பல் கரை சேர்ந்தபோது எழுந்து, மூடுபனிக்குள் லாரியை இறக்கினால், எதிரே துறைமுகச் சோதனைச் சீருடையில் ஒரு சின்னப்பெண் டார்ச் அடித்துக் கலப்பைக்கு அடியில் எட்டிப் பார்க்கிறாள்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்த நாளாகக் கடலுக்கு நடுவே ஒரு கோடு விழுந்துவிட்டது. ஸ்காட்லாந்து மண் ஒரு பொட்டுகூட வட அயர்லாந்துக்குள் வரக்கூடாது. வட அயர்லாந்து மண் அங்கே தாராளமாகப் போகலாம். நார்மனுக்கு இது மனப்பாடம்.

"இது வட அயர்லாந்து ஆண்ட்ரிம் மண்ணும்மா. எங்க வயல் மண்ணு!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சான்றிதழ் இருக்கா?"

"என் வயல் மண்ணுக்கு நான் எதுக்கும்மா சான்றிதழ் வாங்கணும்?"

திருப்புளியை எடுத்து வறட்டு வறட்டென்று சுரண்டினார். மண் பொலபொலவென்று தரையில் கொட்டியது.

"ஐயோ, இப்ப ஊருக்குள்ளயே வந்துடுச்சே! அள்ளுங்க, அள்ளுங்க!"

முட்டி போட்டு அள்ளிப் பிஸ்கட் டப்பாவில் அடைத்தார்.

"டப்பாவுல போட்டா அது பார்சல். அதுக்குத் தனி படிவம்."

டப்பாவைக் கோட்டுப் பையில் கவிழ்த்துக்கொண்டார்.

"அப்ப உங்களயும் சேர்த்துத்தான் நிறுத்தி வைக்கணும்."

"நிறுத்தேன் பாப்போம்! நீ எந்த ஊரு?"

"பாலிமீனா."

நார்மனுக்கு வயிறு எரிந்தது. பக்கத்து ஊர்ப் பெண்!

"பாலிமீனாவுல பொறந்துட்டு, இங்க வந்து நம்ம ஆளுங்களயே மறிக்கிறியா? வெக்கமா இல்ல?"

"வேலை இங்கதான ஐயா கெடச்சுது."

கலப்பையைக் கழுவச் சொல்லி அவள் குழாயைக் காட்டினாள். நார்மன் திருகிய வேகத்தில் தண்ணீர் பீறிட்டு, கலப்பைச் சேறெல்லாம் அவளுடைய பூட்ஸில் போய் அப்பிக்கொண்டது.

"போச்சு! இனி நானும் ஆபீசுக்குள்ள போக முடியாது."

மணி பதினொன்றரை. பின்னால் லாரிகள் ஹார்ன் அடித்தன. நார்மன் குழாயை வீசிவிட்டு, லாரிமேல் ஏறிக் கலப்பையின் மீது சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இனி ஒரு பொட்டு மண்ணக் கொட்ட மாட்டேன். எங்கப்பா உழுத மண்ணு, எங்க வேணாலும் போகும்! போட்டிய வேணா இந்த வாசல்லயே வெச்சுக்கச் சொல்லு. நான் நகர மாட்டேன்!"

லாரி டிரைவர்கள் விசிலடித்தார்கள். அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. நார்மனோ வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு போட்டியில் ஜெயித்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார்.

கப்பலுக்குக் கயிறு கட்டிவிட்டு வந்த ஆள் அவரை அண்ணாந்து பார்த்தான்.

"பெரியவரே, எறங்கி வீட்டுக்குப் போங்க. நடுக்கடல்ல எஞ்சின் படுத்துக்கிச்சுன்னு கப்பலத் திருப்பிட்டோமே, நீங்க காலையில ஏறுன லார்ன்லயேதான் எறங்கியிருக்கீங்க!"